எம்.பி.ஏ.வும் இப்ராஹிம் பாயின் குரலும்

போன செவ்வாய்க்கிழமை காலை, இறந்துபோன ஒரு மனிதர் பேசியதைக் கேட்டேன். நம்ப மாட்டீர்கள். பரவாயில்லை... நானே இன்னும் முழுசாக நம்பவில்லை.

என் நண்பர் இப்ராஹிம் பாய், மந்தாரக்குப்பத்தில் கான்ட்ராக்ட் கம்பெனி நடத்தியவர். சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் கொட்டிக் கிடக்கும் நிலக்கரியை அள்ளும் வேலை. அள்ளி முடித்து ஆட்கள் பெல்ட்டை விட்டு விலகியதும், ஆபீஸிலிருந்து பாயே வாக்கி-டாக்கியில் ஒவ்வொருவர் பேராகக் கூப்பிடுவார். அவரவர் வாயால் ‘இருக்கேன்’ என்று சொன்ன பிறகுதான் பெல்ட்டை ஓட்டச் சொல்வார். ஒருத்தருக்காக இன்னொருத்தர் பதில் சொன்னால் தொலைந்தார்! கடைசியாக, பெங்களூரில் எம்.பி.ஏ. படித்துக்கொண்டிருந்த மகன் பேரையும் சொல்வார் — “சலீம்?” பதில் வராது. ஆட்கள் சிரிப்பார்கள்.

பாய் மவுத்தானார். சலீம் வந்தார். படிப்பை வீணாக்காத பிள்ளை; பெயர் கூப்பிடுவதை நிறுத்திவிட்டு ஆப் போட்டார். மேலே ஏறி வந்ததும் அவரவர் போனில் தட்டினால் ஆபீஸ் திரையில் பச்சை விளக்கு. என்ன ஆயிற்று? போன்களையெல்லாம் ஒரே பையில் போட்டு மேலேயே வைத்துவிட்டு இறங்குகிற ஆட்கள். முதலில் ஏறியவர், கூட்டாளிகளுக்கு உதவியாக, எல்லார் போனிலும் தட்டிவிட்டு டீக்கு நடந்தார்! எல்லாம் பச்சை. முருகன் மட்டும் பெல்ட்டுக்கு அடியில். யாரோ பார்த்துக் கத்தியதால் பிழைத்தார்.

சலீம் ஆப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு வாக்கி-டாக்கியை எடுத்தார். சின்னப் பையன் குரல்தானே? பாதிப் பேர் வாயே திறக்கவில்லை. மீதிப் பேர் பக்கத்து ஆளுக்கும் சேர்த்துச் சொன்னார்கள். இன்னொரு முருகன் மாட்ட எவ்வளவு நேரம் ஆகும்?

செவ்வாய்க்கிழமை அந்த ஆபீஸில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். மேஜைமேல் இருந்த வாக்கி-டாக்கி செருமியது.

“முருகா... இருக்கியாப்பா?”

பாயின் குரல். அதே இழுவை. டீ என் வேட்டியில் கொட்டியது.

“இருக்கேன் பாய்.”

“ராஜேந்திரா?”

“இருக்கேன் பாய்.”

ஒருத்தர் குரலிலும் கிண்டல் இல்லை.

உள் அறையை எட்டிப் பார்த்தேன். பாயின் நாற்காலியில், கண்ணை மூடிக்கொண்டு, சலீம்.

“என்ன தம்பி இது?”

கையிலிருந்த வாக்கி-டாக்கியின் பட்டனிலிருந்து விரலை எடுத்தார். “மொத நாள் நான்தான் மாமா, அத்தா மாதிரி பேசினேன். வேற வழி தெரியல. இப்ப இத எடுத்தாலே அந்தக் கொரல்தான் வருது. நேத்து வூட்ல அம்மாவக் கூப்ட்டேன், அங்கயும் அதே கொரலு... முக்காட்ட இழுத்துக்கினு அழுவுறாங்க.”

மறுபடி பட்டனை அழுத்தினார். அதே குரலில், “சலீம்?”

அவரும் காத்திருந்தார். கீழே எல்லாரும் காத்திருந்தார்கள். ‘இருக்கான் பாய்’ என்று என் வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் ஒருத்தருக்காக இன்னொருத்தர் சொல்லக் கூடாதே! தவிர, எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது.

கடைசியில், நடுங்கும் சின்னக் குரல்: “இருக்கேன் அத்தா.”

சலீமின் சொந்தக் குரல். அதற்குப் பிறகுதான் பெல்ட் ஓடியது.

எம்.பி.ஏ. படித்தால் நல்ல தலைவர் ஆகலாமா என்று கேட்கிறீர்கள். ஆகலாம், படிப்பில் குறையில்லை. ஆனால் முன்னவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்காவிட்டால் என்ன செய்வது என்று எந்தக் காலேஜில் சொல்லித் தருகிறார்கள்?

மறுநாளிலிருந்து சலீம் தன் குரலிலேயே கூப்பிடுகிறாராம். ஆட்களும் ஒழுங்காகப் பதில் சொல்கிறார்களாம். கடைசியில் மட்டும் “அத்தா?” என்று கேட்டுவிட்டு, கொஞ்சம் காத்திருந்து பெல்ட்டை ஓட்டச் சொல்கிறாராம்.

நான் இப்போது அங்கே டீ குடிக்கப் போவதில்லை. பதில் வந்துவிட்டால்?