தொப்பிப் பாட்டும் ஒரு பொலிஸ்காரரும்

சென்ற மாதம் எங்கள் நகரின் விளிம்பில் உள்ள தகனினியில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தேன். சிறுவர் பாட்டு எழுதுவது எப்படி என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தரக் கூப்பிட்டிருந்தார்கள். எப்படி என்று எனக்கே இன்னும் முழுதாகத் தெரியாது, கூப்பிட்டால் போய்விடுகிறேன். "உங்கள் சாப்பாட்டுப் பெட்டிக்கு வாய் இருந்தால் என்ன சொல்லும்?" என்று கேட்டதும் வகுப்பில் ஒரே கூச்சல். முடிந்தபின், மகளை ஏற்ற வந்த தமிழ்த் தகப்பன் ஒருவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"குறை நினையாதையுங்கோ. உந்தப் பாட்டுகளை எழுதிச் சீவிக்க ஏலுமோ?"

"நான் சீவிக்கிறன்தானே" என்றேன். பாதி வாரம் நூலகத்தில் வேலை பார்ப்பதைச் சொல்லவில்லை. அவர் மேலும் ஏதோ கேட்டார், காதில் ஏறவில்லை. வெளியே மழை. நனைந்த கம்பளிச் சட்டைகளின் மணம் அந்த வகுப்பறையிலிருந்து என்னை நான் வளர்ந்த மவுண்ட் ரோஸ்கிலுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது.

எண்பதுகளின் நடுப்பகுதி. நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து இந்த நாட்டுக்கு வந்து அதிக நாளாகவில்லை. அப்பாவுக்குப் பக்கத்து ஒனிஹங்காவில் தொழிற்சாலை வேலை. எனக்கு எட்டு வயது, பாதி ஆங்கிலம்.

சாலை கடக்கக் கற்றுத்தர ஒருநாள் பள்ளிக்கு ஒரு பொலிஸ்காரர் வந்தார். வலம் பார், இடம் பார் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே காற்று அவர் தொப்பியைப் பறித்தது. மைதானம் முழுக்க அவர் துரத்த, நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். மறுநாள் ஆசிரியை அதை விளையாட்டுப் பாட்டாக எழுதச் சொன்னார். எழுத்துப்பிழையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்றார்; அந்தச் சொல்லை மட்டும் நான் மீறவேயில்லை. என் பாட்டை வகுப்புக்கு வாசித்துக் காட்டி, "நீ வளர்ந்து எழுத்தாளராக வரலாம்" என்றார். அப்படி ஒரு வேலை உலகத்தில் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். அப்பாவின் முகம் மூடிக்கொண்டது.

"எழுத்தும் வேண்டாம், கவிதையும் வேண்டாம். போய்க் கணக்கைச் செய்."

ஏன் என்று கேட்கும் துணிவு எனக்கு இல்லை.

பிறகு ஒரு சனிக்கிழமை காலை எங்கள் வீட்டுக்கு முன்னால் பொலிஸ் கார் ஒன்று வந்து நின்றது. அப்பா திரைச்சீலையை விரலளவு விலக்கிப் பார்த்தார். அம்மா தோசை சுட்டுக்கொண்டிருந்தாள்.

"அடுப்பை நிப்பாட்டு" என்றார். அது அவர் குரலாகவே இல்லை. "பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பின்னுக்குப் போ."

"விசா அலுவலா இருக்குமப்பா..." என்றாள் அம்மா.

"போ எண்டுறன்."

பின்கதவடியில், உடுப்புத் தோய்க்கும் அறைக்குள் நின்றோம். மாவு ஒட்டிய கையால் அம்மா என் வாயைப் பொத்தியிருந்தாள். முன்கதவு திறந்தது. வந்தவர் ஆங்கிலத்தில் கேட்டது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"இந்த வீட்டில் ஒருவர் கவிதை எழுதியிருக்கிறார். யார் அது?"

துள்ளி ஓடப் பார்த்தேன். அம்மா விடவில்லை. அதற்குள் அப்பா தன் உடைந்த ஆங்கிலத்தில் பதில் சொன்னார்.

"நான்தான். என் மகளுக்கு ஒன்றும் தெரியாது."

வந்தவர் சிரித்தார். "எட்டு வயது என்றல்லவா சொன்னார்கள்?"

"நான்தான் எழுதினேன். என்னைக் கொண்டுபோங்கள்."

சிரிப்பு நின்றது. அம்மாவின் பிடி தளர, நான் உருவிக்கொண்டு ஓடினேன். அப்பா இரண்டு கைகளாலும் கதவுநிலையைப் பிடித்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். அதே பொலிஸ்காரர். படியிலிருந்து இறங்கிப் புல்லுக்குப் போய், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். மறுகையில் என் பாட்டு. ஆசிரியை அதை அவருக்கு அனுப்பியிருக்கிறார்.

"சார், நன்றி சொல்லத்தான் வந்தேன்" என்றார் மெதுவாக. "ஸ்டேஷன் சுவரில் ஒட்டப் போகிறோம். அவள் பெயரை எழுதித் தருவாளா?"

"அப்பா, இவரின்ரை தொப்பி பறந்ததைத்தான் எழுதினனான்" என்றேன். அப்பாவின் கை வாசலை விடவில்லை. அதற்குக் கீழே குனிந்து போய்ப் பெயரை எழுதிக்கொடுத்தேன். கார் தெருமுனை திரும்பிய பிறகும் அவர் அப்படியே நின்றார்.

அம்மா தேத்தண்ணி கொண்டுவந்தாள். கோப்பையை வாங்கிக் கீழே வைத்துவிட்டு அப்பா பேசினார்.

"ஊரிலை என்ரை தம்பியைத் தேடி வந்த ஆமிக்காரங்களும் இதைத்தான் கேட்டவங்கள். கவிதை எழுதினது ஆரெண்டு. அவன், நான்தான் எண்டு முன்னுக்குப் போனான். நான் வாய் திறக்கேல்லை."

சித்தப்பா காணாமல் போனவர் என்பது மட்டுமே எனக்குத் தெரிந்திருந்தது. அம்மா அப்பாவின் தோளில் கை வைத்தாள்.

"உன்ரை பாட்டைச் சொல்லு, பிள்ளை. தமிழிலை சொல்லு" என்றார் அப்பா.

அந்த இடத்திலேயே தமிழாக்கிச் சொன்னேன்.

"காத்து வந்து தொப்பியைக்
கவ்விக் கொண்டு போச்சுது;
பாத்து நிண்ட பூனையோ
போட்டுப் பாத்துச் சிரிச்சுது!"

அப்பா சிரித்தார். விக்கல் மாதிரி ஒரு சிரிப்பு. பிறகு தரையைப் பார்த்தபடி தாளத்தோடு சொன்னார்: "சிப்பாய் மாமா, சிப்பாய் மாமா, சப்பாத்துக்குள்ளே என்ன?"

"ஆர் கட்டினது?"

"சித்தப்பா."

"என்ன இருந்ததப்பா?"

கோப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "மிச்சம் பிறகு சொல்லுறன்."

அதற்குப் பின் நான் எழுதுவதை அவர் தடுத்ததில்லை. ஆரைப் பற்றி எழுதுகிறாய் என்று மட்டும் ஒவ்வொரு முறையும் கேட்பார்.

அந்த வீடு இப்போது இல்லை. மோட்டார்வே நெடுஞ்சாலை வந்தபோது அந்த வரிசை முழுவதையும் எடுத்துவிட்டார்கள். அப்பாவும் போய்விட்டார். நான் கேட்டபோதெல்லாம் எழுந்து வேறு வேலை பார்க்கப் போனாரே தவிர, மிச்சத்தைச் சொல்லவில்லை. சித்தப்பாவோடு படித்தவர்களை லண்டனிலும் கனடாவிலும் தேடி விசாரித்தேன். அப்படி ஒரு பாட்டு இருந்ததும், எல்லோரும் சிரித்ததும் அவர்களுக்கு நினைவிருக்கிறது, வரிகள் இல்லை. நானே அடுத்த வரியை எழுதிப் பார்த்திருக்கிறேன். கல், தவளை, எறும்புக் கூட்டம் என்று எதைப் போட்டாலும் ஓசை சரியாகத்தான் வருகிறது. ஒன்றும் அவருடையது இல்லை.