ஏழாம் வாசலில் ஒரு பாக்கி

நெமிலிப் பக்கத்து ஊர் ஒன்றில் சின்னத் தளவாய் சாகவில்லையாம். காட்பாடியில் இதைச் சொன்னவர், தளவாய் சாகாததோடு இரும்பாசுரனின் காலையும் ஒடித்துவிட்டான் என்றார். ஆம்பூரில் கேட்டபோது அசுரனுக்குக் கை இரண்டும் போயிருந்தன. ஜோலார்பேட்டையில் வண்டி மாறுவதற்குள் அசுரன் செத்து, பிரேத விசாரணை நடந்து, கூத்து ஜமா மொத்தமும் தலைமறைவாகிவிட்டது. இன்னும் நாலு ஸ்டேஷன் போயிருந்தால் நெமிலியே மிஞ்சியிருக்காது. அதற்குள் திரும்பி வந்து விசாரிப்பது நல்லது என்று பட்டது.

பட்டணத்து வாசகர்களுக்கு விஷயம் இதுதான். கோட்டையம்மன் திருவிழாவில் இரண்டு இரவு ஆடுகிற கூத்து அது. ஏழு வாசல் வைத்த கோட்டை. மயக்க மருந்தில் ராஜா தூங்குகிறார், சேனையும் தூங்குகிறது. பதினாறு வயதுத் தளவாய் ஒருவன்தான் விழித்திருக்கிறான். ஆறு வாசலில் இரும்பாசுரனைத் துரத்தி அடிக்கிறான். ஏழாம் வாசலில் முதுகில் குத்துப்பட்டு விழுகிறான். அவன் விழுகிற சத்தத்தில்தான் ராஜா கண் விழிக்கிறார். மறுநாள் இரவு அசுரன் ஒழிகிறான், அம்மன் தேர் ஏறுகிறாள். இந்தக் கோட்டை எந்த ஜில்லாவில் இருந்தது என்று சரித்திரப் புரொபசர்களுக்குத் தெரியாது. கூத்துப் பார்க்கிற பெண்களுக்குச் சந்தேகமே கிடையாது.

முதலில் அசுரனைத் தேடினேன். இரும்பாசுரனாகிய வேலாயுதம் ஆற்காட்டில் ஒரு வீட்டுக் கூரைமேல் உட்கார்ந்து ஓலை மாற்றிக்கொண்டிருந்தார். கை இரண்டும் இருந்தன. முழங்காலில் மட்டும் எண்ணெய்த் துணி சுற்றியிருந்தது. அது தளவாய் செய்த காயம் இல்லை, ஐம்பது வயது செய்தது. தாம் செத்துப்போன செய்தியைக் கேட்டு அவர் கோபப்படவில்லை. எந்த ஸ்டேஷனில் என்று மட்டும் விசாரித்தார்.

நடந்தது இவ்வளவுதான். போன சித்திரைக்கு முந்தின சித்திரையில் தளவாய் வேஷம் துளசிங்கத்துக்கு. ஆள் மேல்விஷாரத்தில் தோல் ஷாப்பு வேலை. அன்று ஆறு வாசலும் அமர்க்களப்பட்டது. ஏழாம் வாசலில் வேலாயுதம் குத்தினார், தளவாய் விழுந்தான். கூட்டத்தில் எவனோ வேலூர்க் கொட்டகையில் நாடகம் பார்த்தவன், ‘ஒன்ஸ்மோர்’ என்று கத்தினான். செத்தவன் எழுந்து மூன்று சுற்றுக் கிறுக்கி ஆடிவிட்டு மறுபடி முதுகைக் காட்டினான். மறுபடி குத்து, மறுபடி சாவு, மறுபடி ஒன்ஸ்மோர். ஐந்தாவது குத்துக்கு அவன் விழவே இல்லை.

“காதாண்ட போய் சொன்னேன் சார், ‘டேய், படுடா, விடியுது’ன்னு. அவன் இன்னா சொன்னான் தெரியுமா? ‘நீ படு மாமா, முட்டி வலிக்குதில்ல’ன்னான்.”

வெயில் பட்ட வேஷம் ஆடக் கூடாது என்பது ஜமாவின் சட்டம். கிழக்கே சூரியன் வந்துவிட்டான். கூத்து வாத்தியார் கோவிந்தசாமி தாமே வந்து திரையை இழுத்தார். தளவாய் உயிரோடு உள்ளே போனான். மறுநாள் இரவு கட்டியக்காரன் வந்து, “செத்துட்டான்னு வச்சிக்கினு பாருங்க” என்று சபையைக் கேட்டுக்கொண்டான். ராஜா காரணமில்லாமல் கொட்டாவி விட்டு எழுந்தார். தேர் நகர்ந்தது. அந்த வருஷம் மழைதான் நகரவில்லை.

மேல்விஷாரத்தில் தோல் ஷாப்புக்கு வழி கேட்க வேண்டியதில்லை, மூக்கை நம்பி நடந்தால் போதும். நான் போனது பகல் சாப்பாட்டு நேரம். தோல் பதப்படுத்துகிற ஆவாரம்பட்டைக் குவியலின்மேல் இருபத்திரண்டு வயது ஆள் ஒருவன் மல்லாந்து செத்துக் கிடந்தான். கண் பாதி திறந்திருந்தது. ஓர் ஈ அவன் உதட்டில் இறங்கி, மூக்கு வரை நடந்து, திரும்பி வந்தது. அவன் பொருட்படுத்தவில்லை. சுற்றிலும் நாலைந்து பேர் கஞ்சி குடித்தபடி அவன் சாவில் குற்றம் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்கள். இடது கால் இன்னும் கொஞ்சம் உயிரோடு இருக்கிறது என்றார் ஒருவர். பிணம் ஒப்புக்கொண்டு இடது காலைத் தளர்த்தியது.

மேஸ்திரி வாஹித் பாஷாவுக்கு இதெல்லாம் பழகிவிட்டது. “தினம் மத்தியானம் சாவறான் சாப். ரெண்டு மணி சங்கு ஊதினா எழுந்து வந்துடறான். இன்னாடா இது பேஜாருன்னு கேட்டா, ஒரு எடத்துல ஒரு சாவு பாக்கின்றான்.”

சங்கு ஊதியது. துளசிங்கம் எழுந்து பட்டைத் தூளைத் தட்டிக்கொண்டு சுண்ணாம்புத் தொட்டிக்குப் போனான். ஊறின எருமைத் தோல் ஒன்று ஒரு முழு ஆள் கனம் இருக்கும். இரண்டு பேர் இழுப்பதை அவன் தனியாக இழுத்து, தலைக்குமேல் ஒரு சுற்றுச் சுற்றி, மரக்கட்டைமேல் விரித்தான். அந்தச் சுற்று தோலுக்குத் தேவையில்லை. சுண்ணாம்புத் தண்ணீர் அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் மேலெல்லாம் தெறித்தது. அவர்கள் திட்டினார்கள். அவன் மீசையை முறுக்கினான். மீசை அங்கே இல்லை. தளவாய்க்குப் பதினாறு வயது என்பதால் தையிலிருந்து ஆனி வரை மழித்துவிட வேண்டும். கை அதை ஒப்புக்கொள்ளாமல் வெறும் உதட்டோரத்தையே முறுக்கிக்கொண்டிருக்கிறது.

ஜமாவில் சேர்ந்த முதல் வருஷமே ராஜாவின் கிரீடத்தைவிட நாலு விரல் உயரமாகத் தன் கிரீடத்தைச் செய்துகொண்டவன் இவன். வாத்தியார் காரணம் கேட்டாராம். ராஜா தூங்கிக்கொண்டுதானே இருக்கிறார், அவருக்கு எதற்கு உயரம் என்று திருப்பிக் கேட்டானாம். வேஷம் கலைத்த பிறகும் தளவாயாகவே வேலைக்கு வருவான். சங்கு ஊதி முடிந்த பின்புதான் கேட்டுக்குள் கால் வைப்பான். தளவாய் வராமல் கோட்டை திறக்குமா என்பது அவன் கட்சி. வாஹித் பாஷா அரை நாள் கூலியைப் பிடித்து, திறக்கும் என்று காட்டினார்.

நெமிலிக் கூத்துக்குப் பிறகு வாத்தியார் அவனைத் திட்டவில்லை. வேஷத்தைப் பிடுங்கித் திரை பிடிக்கிற வேலையைக் கொடுத்தார். துளசிங்கம் அதையும் தளவாய் மாதிரியே செய்தான். திரைக்குப் பின்னால் நிற்க வேண்டியவன் திரைக்கு முன்னால் நின்றான். ஆற்காட்டு டீக்கடைகளில் இரண்டு மாதம் அவனுக்கு டீ இலவசம். சாகாத தளவாய் என்று பெயர். “நம்மள சாவடிக்க இன்னும் ஆள் பொறக்கல” என்பதை அந்த நாளில் அவன் வாயால் கேட்காதவர்கள் வாலாஜாவுக்கு இந்தப் பக்கம் யாரும் இல்லை.

அப்படியிருந்தவன் எப்படிப் பட்டைக் குவியலில் செத்துப் பழகுகிறவன் ஆனான் என்று கேட்டேன். முதலில் மழுப்பினான். வடாற்காடு ஜில்லாவில் தன்னைப் போல் சாகிறவன் ஒருவன் கிடையாது, வேண்டுமானால் யாரையும் கேட்டுக்கொள்ளலாம் என்றான். பிறகு தோலைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

கூத்து நடந்த அதே வருஷம் ஆடியில் ஆவாரம்பட்டை ஏற்றிவர வண்டியோடு அந்த ஊருக்கே அவனை அனுப்பியிருக்கிறார்கள். தெருவில் நுழைந்ததும் பிள்ளைகள் தளவாய், தளவாய் என்று வண்டிக்குப் பின்னால் ஓடிவந்தன. அவனுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு வீட்டில் தண்ணீர் கேட்டான்.

“குடுத்தாங்க. குடிச்சேன். ‘நீ சாவலையே தம்பி’ன்னாங்க. அவ்ளோதான் சார்.”

அவ்வளவுதானா என்று பார்த்துவிட்டு வருவதற்காக நெமிலிக்குப் பஸ் ஏறினேன். ஊர்ப் பெயரை எழுதவில்லை. அவர்களுக்கு இருக்கிற கவலை போதும்.

தண்ணீர் கொடுத்தவள் கமலம். முப்பது வயது இருக்கும். களத்தில் சருகு கூட்டிக்கொண்டிருந்தாள். அந்தக் கூத்துக்கு முந்தின மாசியில் அம்மை வார்த்து அவளுடைய நாலு வயதுப் பெண் போய்விட்டது. அம்மன் எடுத்துக்கொண்ட பிள்ளைக்கு அழக் கூடாது. வாய்விட்டால் அம்மனைப் பழித்ததாக ஆகும், தெருவில் இன்னொரு வீட்டுக்கும் வரும். ஆகவே அப்படிப் பிள்ளையைக் கொடுத்தவளுக்கு அந்த ஊர் ஒரு வழி வைத்திருக்கிறது. சித்திரைக் கூத்தில் தளவாய் விழுந்ததும் அவள்தான் கோடித் துணி போர்த்த வேண்டும். காலிலிருந்து போர்த்திக்கொண்டு வந்து முகத்தை மூடுகிறபோது, தளவாய் தலையை மடியில் வைத்துக்கொண்டு எவ்வளவு வேண்டுமானாலும் அழலாம். யாருக்காக அழுகிறாள் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். அம்மனும் கேட்கமாட்டாள்.

“நான் துணியோட நின்னுக்கினு இருந்தேன் சாமி. உழுந்தான், எழுந்தான், உழுந்தான், எழுந்தான். நாலு வாட்டி பிரிச்சேன், நாலு வாட்டி மடிச்சேன். அப்புறம் பொழுது வந்துட்ச்சி. மாட்டுக்குத் தண்ணி வைக்கணும்னு வந்துட்டேன்.”

துளசிங்கம் சொல்லாமல் விட்டதை அவள் சொன்னாள். தண்ணீர் குடிக்க வந்தவனிடம் அவள் இதைச் சண்டையாகச் சொல்லவில்லை. கேட்டான், சொன்னாள். அவன் செம்பைக் கீழே வைத்தான். வண்டி மாட்டை வெயிலில் நிறுத்தியபடியே அவள் வாசல் மண்ணில் நீட்டிப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டு, “இப்ப அழுங்கக்கா” என்றானாம். தெரு கூடிவிட்டது. கோழி ஒன்று அவன் நெஞ்சில் ஏறி நின்றது. மகள் போன பிறகு கமலம் சிரித்தது அன்றைக்குத்தான் என்று பக்கத்து வீட்டுக்காரி இடையில் புகுந்து சொன்னாள்.

“இது துளசிங்கம். எனக்கு இன்னாத்துக்கு?” என்று கமலம் சொல்லி அனுப்பியிருக்கிறாள். “தளவாயா வந்து சாவு தம்பி. அப்ப அழுவறேன்.”

அவன் அன்று பட்டை ஏற்றாமல் வெறும் வண்டியோடு போய்விட்டான். மேல்விஷாரத்தில் அதற்கும் ஒரு நாள் கூலி பிடித்தார்கள். அவன் வாய் திறக்கவில்லை. அது வாஹித் பாஷாவுக்கு இன்றுவரை ஆச்சரியம்.

மறுநாளே வேலாயுதத்தின் வீட்டுக்குப் போய், தன்னைக் குத்தச் சொல்லி முதுகைக் காட்டி நின்றானாம். கூரை வேலை கெடுகிறது என்று அவர் விரட்டினார். தினமும் போனான். குத்துகிறவருக்கு அலுத்தது, விழுகிறவனுக்கு அலுக்கவில்லை. அடுத்த தையில் வாத்தியார் பார்த்துவிட்டுக் கிரீடத்தைத் திருப்பிக் கொடுத்தார். அவன் அதில் நாலு விரலை அறுத்துவிட்டுத் தலையில் வைத்தான்.

இப்போது சாகத் தயாராக ஆள் இருக்கிறான். சாக இடமில்லை. மழை இல்லாததால் விளைச்சல் இல்லை, விளைச்சல் இல்லாததால் அந்த ஊரில் போன வருஷம் திருவிழா இல்லை, இந்த வருஷமும் இல்லை. தளவாய் சாகாததால்தான் மழை இல்லை என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்கிறார்கள். திருவிழா வைத்தால் தளவாய் சாவான், மழை வரும். மழை வந்தால்தான் திருவிழா வைக்க முடியும். இதை அவிழ்க்கக் கமிட்டி ஒன்று போட்டிருக்கிறார்கள். கமிட்டி மழைக்குக் காத்திருக்கிறது.

துளசிங்கம் தானாக ஒரு யோசனை சொல்லி அனுப்பினான். ஜமா வேறு ஊரில் ஆடும்போது கமலம் அங்கே வரட்டும், வண்டி அனுப்புகிறேன் என்றான். அதைப் பற்றி நான் கேட்டபோது அவள் அந்தக் கோடித் துணியைக் கேழ்வரகுப் பானையிலிருந்து எடுத்து எனக்குக் காட்டிவிட்டு, மடிப்புக் கலையாமல் திரும்ப வைத்தாள்.

“வேற ஊரு அம்மனா என் பொண்ண எடுத்துக்கினா?” என்றாள்.

இந்தப் பங்குனியில் ஆம்பூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் கோட்டையம்மன் கூத்து. போயிருந்தேன். துளசிங்கம் ஒன்றும் சாதுவாகிவிடவில்லை. திரைக்குப் பின்னால் இல்லாத மீசையை முறுக்கினான். ஆறு வாசலிலும் வேலாயுதத்தைப் புரட்டி எடுத்தான். முகவீணைக்காரர் மூச்சு வாங்கினார். “டேய் இரும்பா, வூட்டுக்குப் போய் முட்டிக்கு எண்ணெ தேய்டா” என்று கூத்தில் இல்லாத வசனம் ஒன்றையும் சேர்த்தான். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தன.

ஏழாம் வாசலில் வேலாயுதம் குத்தினார். தளவாய் விழுந்தான். விடிய இன்னும் நேரம் இருந்தது. முன்வரிசையில் இருந்து ஒரு குரல் ‘ஒன்ஸ்மோர்’ என்றது, இரண்டு மூன்று குரல் சேர்ந்துகொண்டன. அவன் எழவில்லை. கண் பாதி திறந்திருந்தது. இடது காலில்கூட உயிர் இல்லை. குரல்கள் ஒவ்வொன்றாக அடங்கின. எனக்குப் பக்கத்தில் இருந்த தோல் வியாபாரி ஒருவர், மூச்சு இருக்கிறதா பார் என்று மெதுவாகச் சொன்னார்.

அந்த ஊர்ப் பெண்கள் இரண்டு பேர் கோடித் துணியோடு வந்தார்கள். காலை மூடினார்கள். இடுப்பை மூடினார்கள். துணி நெஞ்சுக்கு வந்தபோது, செத்துக் கிடந்த தளவாயின் வலது கை மெல்ல மேலே வந்து அதன் விளிம்பைப் பிடித்து, முகத்தை மூட விடாமல் கழுத்துக்குக் கீழே அப்படியே நிறுத்திக்கொண்டது.