சொல்லாமல் எழும்பிப் போனவர்

றெக்ஸுக்கு ஜெர்மன் மொழி சரிவராது. முப்பது வருசத்துக்கு மேல் ஹனோவரில் இருந்தும், தபால்காரன் மணி அடித்தால் அவருக்கு வேர்க்கும். ஆனால் ஸ்பானிஷ் தண்ணி பட்ட பாடு. அகதியாய் வந்த புதிதில் ஒரு ஸ்பானிய உணவகத்துக் குசினியில்தான் வேலை கிடைத்தது. பக்கத்தில் நின்று வெங்காயம் வெட்டியவர்கள் எல்லாம் பெரு நாட்டவரும் கொலம்பியரும். குசினியில் படித்த பாஷை எப்படியிருக்கும் என்று விளக்கத் தேவையில்லை. பிறகு அவர் லூத்தரன் சபையில் ஊழியப் பயிற்சிக்குச் சேர்ந்தபோது, முதல் சில சனிக்கிழமைகள் அவர் வாயிலிருந்த கெட்ட வார்த்தைகளை வடிகட்டுவதிலேயே போயின.

அவர் அங்கே போய்ச் சேர்ந்ததும் ஒன்றும் தேவ அழைப்பால் அல்ல. மனைவி சுந்தரி, மகளின் பிள்ளைப்பேறு பார்க்க டொரொண்டோவுக்குப் போனாள். அந்தப் பிள்ளை நடந்தது, பேசியது, பள்ளிக்கூடமும் போகத் தொடங்கிவிட்டது, சுந்தரி வரவில்லை. சண்டை என்றால் சமாதானம் பேசலாம். இவர்களுக்குள் சண்டையே இல்லை. சும்மா அங்கேயே நின்றுவிட்டாள். ஒரு ஞாயிறு, வீட்டுச் சுவரைப் பார்த்திருக்க ஏலாமல் வெளியே இறங்கியவர், ஸ்பானிஷ் பாட்டுச் சத்தம் கேட்ட தேவாலயத்துக்குள் நுழைந்தார். முன்பின் தெரியாத ஒருவர் கட்டிப்பிடித்துப் பேர் கேட்டார். றெக்ஸுக்குக் கண் கலங்கிவிட்டது.

"எடேய், எங்கட தமிழ்ச் சபை இருக்க ஸ்பானிஷ்காரரிட்டை என்னத்துக்குப் போறாய்?" என்று கடைக்கார நவரத்தினம் அண்ணை கேட்டார்.

"அங்கை ஒருத்தரும் என்ரை மனிசியைப் பற்றி விசாரிக்கிறேல்லை, அண்ணை."

அண்ணை மரவள்ளிக்கிழங்கை நிறுக்கத் தொடங்கினார்.

பயிற்சியை நடத்தியவர் போதகர் கிராசியேலா, ஆர்ஜென்டினாக்காரி. தனித்திருக்கும் முதியவர்கள், நோயாளிகள், சாவு விழுந்த வீடுகள் என்று ஸ்பானிஷ் பேசுகிறவர்களைத் தேடிப்போய்ப் பார்க்க அவருக்கு ஆள் தேவைப்பட்டது. அதிகம் பேசாதே, வேதாகம வசனத்தை மருந்துக்கட்டுப்போல் ஒட்டாதே, விடைபெறும்போது கையைப் பிடித்து ஆசீர்வாதம் சொல்லிவிட்டு வா என்பது அவருடைய பாடம். றெக்ஸ் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடைசிப் பாடத்துக்கு மட்டும், செத்தவீடு இதில் சேராது என்று தன்பாட்டில் ஒரு விலக்குப் போட்டுக்கொண்டார். இதையெல்லாம் ஒரு மனிசன் வாய்விட்டுச் சொல்லவேண்டுமா என்ன?

பயிற்சியின் முடிவில் ஒவ்வொருவரும் தனியே ஒரு வீட்டுக்குப் போகவேண்டும். றெக்ஸுக்கு வாய்த்தது மெர்செடெஸ் என்ற கொலம்பிய அம்மாவின் வீடு. காரின் பேர் என்று சிரிக்கவேண்டாம். காருக்குத்தான் பெண்ணின் பேர். அவருடைய கணவர் எர்னான், பண்டகசாலையில் வேலைசெய்த இடத்திலேயே விழுந்து செத்துப்போனவர். றெக்ஸ் நெடுநேரம் அந்த அம்மாவோடு இருந்தார். அவர் அழும்போது பேசாமல் இருந்தார். எர்னானின் பகிடிகளைச் சொன்னபோது சேர்ந்து சிரித்தார். பிறகு அந்த அம்மா கோப்பி போடக் குசினிக்குள் போனார். றெக்ஸ் மெல்ல எழும்பி, சப்பாத்தைக் காலில் கொழுவிக்கொண்டு, ஒரு சொல்லும் சொல்லாமல் படியிறங்கிப் போய்விட்டார். வந்த வேலை நன்றாய் முடிந்தது என்ற திருப்தி அவருக்கு.

செத்தவீட்டில் 'போயிட்டு வாறன்' என்று யாராவது சொல்வார்களா? சொன்னால் இன்னொரு சாவுக்கும் வருவேன் என்றல்லவா ஆகிவிடும்? சைவரென்ன, கிறிஸ்தவரென்ன, யாழ்ப்பாணத்தில் எல்லாரும் அப்படித்தான் எழும்பிப் போவார்கள்.

சனிக்கிழமை போதகர் அவரைத் தனியே கூப்பிட்டார். அவர்கள் பேசியது ஸ்பானிஷில்தான். ஆனால் றெக்ஸின் காதில் அது யாழ்ப்பாணத் தமிழாகவே விழும் என்பதால் நாமும் அப்படியே எழுதலாம்.

"ரெண்டு கோப்பியோட வந்து பார்த்தாவாம், நீங்கள் இருந்த கதிரை வெறுமையாம். அந்த மனிசிக்கு என்ன செய்தனீங்கள், றெக்ஸ்? இனி ஒருத்தரையும் அனுப்பவேண்டாம் எண்டு சொல்லிப்போட்டா."

றெக்ஸ் வழக்கத்தை விளக்கினார். போதகர் கேட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டார். "எனக்கு விளங்குது. நான் அந்த வீட்டுக்காரி இல்லையே. நாளைக்கில்லை, அடுத்த ஞாயிறு எல்லாருக்கும் தலையில கைவைச்சு ஆசீர்வதிச்சு ஊழியத்துக்கு அனுப்பப்போறன். அவ உங்களுக்குத் திரும்பக் கதவு திறந்தால்தான் உங்களையும் அனுப்பலாம். இல்லாட்டி ஏலாது."

றெக்ஸ் அன்று வீட்டுக்கு வந்து சோற்றைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தார். அவரை யாராவது எங்காவது அனுப்புவதென்றால் அது அந்தச் சபை ஒன்றுதான். உணவகம் மூடியாயிற்று. டொரொண்டோவில் அவர் கைபேசித் திரையில் தெரியும் ஒரு முகம், அவ்வளவுதான். இதுவும் போனால் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கவேண்டியதுதான்.

திங்களன்று மெர்செடெஸின் கதவைத் தட்டினார். கதவு திறந்தது, சங்கிலி கழலவில்லை.

"எர்னானும் அப்பிடித்தான் போனவர்," என்றார் அந்த அம்மா இடைவெளிக்குள்ளால். "விடியக்காலமை, நித்திரையைக் குழப்பக்கூடாதெண்டு சொல்லாமல் வேலைக்குப் போனவர். அதைத்தான் அண்டைக்கு முழுக்க உமக்குச் சொல்லி அழுதனான். நீரும் அதையே செய்துபோட்டுப் போனீர்."

எவ்வளவு கவனமாய்க் கேட்டதாக றெக்ஸ் நினைத்துக்கொண்டிருந்தார்! படியில் நின்றபடியே தன் ஊர் வழக்கத்தைச் சொன்னார். உங்களுக்கு இன்னொரு இழவு வரக்கூடாதென்றுதான் வாயை மூடினேன் என்றார். மன்னிப்பும் கேட்டார்.

அந்த அம்மா கதவைச் சாத்தினார். சங்கிலியைக் கழற்றி அகலத் திறந்தார்.

"இந்த வீட்டில இனிச் சாகிறதுக்கு நான் ஒருத்திதானே இருக்கிறன், மகனே. எனக்குச் சாவைப் பற்றிப் பயமில்லை. சொல்லாமல் போறதுதான் பயம். சொல்லிப்போட்டுப் போம்."

கோப்பி குடித்தார்கள். புறப்படும்போது றெக்ஸ் வாசலில் நின்று, வாழ்நாளில் முதல்தடவையாக ஒரு செத்தவீட்டில் அந்தச் சொல்லைச் சொன்னார்: "நான் போயிட்டு வாறன்."

"எப்ப?" என்றார் அந்த அம்மா.

தமிழில் யாரும் அப்படிக் கேட்பதில்லை. வாறன் என்றால் வாறன்தான். பிராங்பேர்ட் விமான நிலையத்தில் சுந்தரியும் அதைச் சொல்லித்தான் உள்ளே போனாள். றெக்ஸ் கையைக் காட்டிவிட்டு ரயிலேறினார். எப்ப என்று அன்றும் கேட்கவில்லை, அதற்குப் பிறகு எத்தனையோ முறை போனில் பேசியும் கேட்கவில்லை.

"வியாழக்கிழமை," என்றார் அவர்.

"சரி. பாஸ்டோரா கிராசியேலாவுக்கு நான் சொல்லுறன்."

ஞாயிற்றுக்கிழமை போதகர் கிராசியேலா அவர் தலையிலும் கைவைத்தார். மற்றவர்களுக்குப் பின்னால் மனைவி, மக்கள், கைபேசியில் படம் பிடிக்க மைத்துனர் என்று கூட்டம். றெக்ஸுக்குப் பின்னால் இருக்க ஆளில்லாத வெறும் வாங்கு. பின்னேரம் வீட்டுக்கு வந்து, வெள்ளைச் சட்டையைக்கூடக் கழற்றாமல் டொரொண்டோவுக்குப் போன் எடுத்தார். தான் ஊழியக்காரனாகிவிட்டதைச் சொன்னார். சுந்தரி உண்மையாகவே சந்தோசப்பட்டாள்.

"இஞ்ச பாரும்," என்றார் றெக்ஸ். "நீர் எப்ப வாறீர்?"

அந்தப் பக்கம் தொலைக்காட்சிச் சத்தம் கேட்டது. பேரப்பிள்ளை எதற்கோ அடம்பிடித்தது. சுந்தரி அதை அதட்டவுமில்லை.

"எனக்குத் தெரியேல்லையப்பா," என்றாள் கடைசியில். "வருவனோ எண்டும் தெரியேல்லை."

"ஓம்," என்றார் றெக்ஸ். "சொன்னீரே, அது போதும்."