ஜூபிலி மலரில் இல்லாத பத்தி

பெரியப்பா என்னிடம் கொடுத்த ஃபுல்ஸ்கேப் தாள்கள் பன்னிரண்டு. நீல மையில், ஓரம் விட்டு, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதியிருந்தார். மிஷன் பள்ளி ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர் கையெழுத்து வேறு எப்படி இருக்கும்! எங்கள் கோயில் கட்டப்பட்ட கதையை ஜூபிலி மலருக்கு எழுதித் தரச் சொல்லிப் பங்குச் சாமியார் அவரைத்தான் கேட்டிருந்தார். டைப் அடிக்கும் வேலை எனக்கு. அப்போது நான் அதே பள்ளியில் தற்காலிக டீச்சர்.

வெள்ளைக்காரச் சாமியார் மாட்டுவண்டியில் வந்து இறங்கியது, முதலில் கூரைக் கொட்டகையில் பூசை வைத்தது, மழை பொய்த்த வருஷத்தில் உசிலம்பட்டிப் பக்கமிருந்து பிழைக்க வந்த எங்கள் முன்னோர் கடுக்காயும் கருப்பட்டியும் சேர்த்துச் சுண்ணாம்பு இடித்தது, எல்லாம் இருந்தது. ஒன்பதாம் தாளில் ஒரு பத்தி. கட்டி முடிந்ததும் கோயிலுக்குள், வாசலிலிருந்து பீடத்துக் கிராதி வரை, நட்டநடுவில் இடுப்பளவுச் சுவர் ஒன்றை எழுப்பினார்கள். மற்ற தெருக்காரர்கள் வலப்பக்கம், எங்கள் தெரு இடப்பக்கம். பிற்பாடு வந்த ஒரு சாமியார் இடித்துத் தள்ளும்வரை அது நின்றது. அந்தச் சுவருக்கும் சுண்ணாம்பு இடித்தவர் எங்கள் பூட்டன்தான் என்று பெரியப்பா முடித்திருந்தார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. விவரம் தெரிந்த நாளிலிருந்து நான் இடப்பக்கம்தான் உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் தெருவே அங்கேதான் உட்காரும். சுவர் போய் எத்தனையோ காலம் ஆகியும் யாரும் ஏன் என்று கேட்டதில்லை.

டைப் அடித்ததைக் காட்டியபோது பங்குச் சாமியார் கோபப்படவெல்லாம் இல்லை. நல்ல நாளும் அதுவுமாகப் பழசைக் கிளற வேண்டாமே, பெரியவரிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள் என்றார். பள்ளிக்குத் தாளாளரும் அவர்தான். என் வேலையை நிரந்தரமாக்கும் கடிதம் அவர் கையெழுத்துக்காகக் காத்திருந்தது. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நானாகவே பயந்தேன். பத்தியை எடுத்துவிட்டேன், பெரியப்பாவிடம் சொல்லவும் இல்லை.

மலர் கைக்கு வந்த அன்று பெரியப்பா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து இரண்டு தரம் படித்தார். பக்கம் போதவில்லை என்று புளுகினேன். ஆயுசு முழுக்க ஃபைல் பார்த்த மனுஷனிடமா இந்தப் புளுகு! நாலு ஏச்சு ஏசியிருந்தால்கூட என் மனசு ஆறியிருக்கும்.

"நீ படிச்சியில்லம்மா? அம்புட்டுப் போதும். நம்மள்ல ஒரு ஆளுக்காச்சும் தெரிஞ்சிருக்கட்டும்" என்றார்.

வேலை நிரந்தரமானது. வில்லாபுரத்துக்கு வீடு மாறியதில் அந்தத் தாள்கள் எங்கேயோ போயின. பாவி, அதையும் நான்தான் தொலைத்தேன்.

போன மாதம் பெரியப்பா இறந்துபோனார். அடக்கப் பூசைக்குப் பெட்டியைக் கோயில் நடுவில் வைத்தார்கள். எங்கள் சனம் முழுக்க இடப்பக்கம் நெருக்கியடித்து நின்றது. வலப்பக்கம் பாதிக்கு மேல் காலி. புதிதாக வந்திருக்கும் இளவயசு ஃபாதர் என்னிடம் வந்து, அங்கே இவ்வளவு இடம் கிடக்கும்போது ஏன் எல்லாரும் இங்கேயே நிற்கிறீர்கள் என்று நிஜமாகவே தெரியாமல் கேட்டார். இப்போது எனக்குப் பயப்பட ஒன்றுமே இல்லை. பெரியப்பா கையெட்டும் தூரத்தில் கிடந்தார்.

"பழக்கந்தான் ஃபாதர்" என்றேன்.