ஆஃப்லைன் வசதி வந்த வாரம்

1. மூன்று புது வசதிகள்

அந்த வாரம் எங்கள் ஆப்புக்கு மூன்று புது வசதிகள் வந்தன. அதில் ஒன்று, வேலு என்ற ஆளைக் கிட்டத்தட்டக் கொன்றுவிட்டது. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

எண்ணூர்ப் பக்கம் ஒரு டேங்க் டெர்மினலில் நான் சேஃப்டி ஆபீசர். கப்பலில் வரும் எண்ணெய், கெமிக்கல் எல்லாவற்றையும் பெரிய பெரிய இரும்பு டேங்குகளில் இறக்கி வைத்து, பிறகு லாரியில் அனுப்புகிற இடம். காலியான டேங்கைக் கழுவ ஆட்கள்தான் உள்ளே போக வேண்டும். அதற்கு முன் உள்ளே மூச்சுவிடும்படி காற்று இருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்து, பர்மிட் கொடுப்போம். பர்மிட் இல்லாமல் யாரும் டேங்குக்குள் தலையைக்கூட நீட்டக்கூடாது.

முன்பெல்லாம் அது பேப்பர். அதை ஆப்பாக மாற்றியது நான்தான். நான் கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை, கெமிக்கல் டிப்ளமோ. ஆனால் லோ-கோட் என்று ஒன்று வந்த பிறகு கோட் எழுதத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே போய்விட்டது. திரையில் பெட்டிகளை இழுத்து வைக்க வேண்டியது, இது நடந்தால் அதைச் செய் என்று ஒன்றோடொன்று இணைக்க வேண்டியது, ஆப் தயார். பர்மிட் கொடுத்தால் மேஸ்திரியின் ஃபோனில் பச்சை. ரத்து செய்தால் சிவப்பு, கூடவே சைரன் சத்தம்.

ஒரே தொல்லை, டேங்குகளுக்கு நடுவே போனால் சிக்னல் போய்விடும். ஆப் வெள்ளைத் திரையாக நின்றுவிடும். டேங்க் கழுவும் கான்ட்ராக்ட் ஆட்களுக்கு மேஸ்திரி தாஸ் அண்ணன். ஒவ்வொரு தடவையும் சிக்னல் கிடைக்கும் ரோடு வரைக்கும் நடந்து வந்து, பச்சையைப் பார்த்துவிட்டுத்தான் ஆளை உள்ளே அனுப்புவார். என்னைப் பார்த்தால் போதும், ஆரம்பித்துவிடுவார்.

"இன்னாம்மா உன் ஆப்பு, டேங்காண்ட போனா செத்துப்பூடுது. பேஜாரா கீது."

அந்த வாரம் லோ-கோட் கம்பெனி அப்டேட் விட்டது. என்ன ஆப் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால் ஏஐ ஃபார்மைத் தயார் செய்து தரும் என்பது முதல் வசதி. மீட்டரை ஃபோட்டோ எடுத்தால் அதிலிருக்கும் எண்ணை ஆப்பே படித்துக்கொள்ளும் என்பது இரண்டாவது. மூன்றாவது ஆஃப்லைன். சிக்னல் இல்லாவிட்டாலும் ஆப் நிற்காமல் ஓடும். இது எல்லா ஆப்களிலும் தானாகவே ஆன் ஆகியிருந்தது.

அப்டேட் குறிப்பைப் படித்தபோது எனக்கும் சந்தோஷம்தான். தாஸ் அண்ணன் மறுநாளே சொன்னார்: "இப்பதாம்மா சோக்கா கீது. நிக்கிற எடத்துலயே பச்ச தெரியுது."

2. சிவப்பு

அன்று ஏழாம் டேங்கில் வேலை. கேஸ் டெஸ்ட் செய்பவர் மீரான் பாய், ராயபுரத்துக்காரர். காலையில் அவர் மீட்டர் வைத்துப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. பச்சை கொடுத்தோம். தாஸ் அண்ணனின் ஆட்கள் மதியம் வரை உள்ளே வேலை செய்தார்கள். பிறகு உள்ளே காற்றடிக்கும் புளோயரை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனார்கள்.

அந்த நேரத்தில் ஜெட்டியில், அதாவது கப்பல் வந்து நிற்கும் மேடையில், பைப்பைச் சுத்தம் செய்வதற்காகப் பக்கத்து பைப்பில் நைட்ரஜன் ஓடவிட்டார்கள். அந்த பைப்புக்கும் ஏழாம் டேங்குக்கும் நடுவே இருந்த வால்வு சரியாக மூடவில்லை. நைட்ரஜனுக்கு வாசனை இல்லை, நிறம் இல்லை, கண் எரியாது. சத்தமில்லாமல் ஆக்ஸிஜனைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். உள்ளே போகிறவனுக்கு மூச்சுத் திணறுகிறது என்றுகூடத் தெரியாது. நின்றபடியே சரிந்துவிடுவான்.

சாப்பாட்டு வேளை முடிவதற்குள் மீரான் பாய் வழக்கப்படி மறுபடி மீட்டர் வைத்தார். ஆக்ஸிஜன் இறங்கியிருந்தது. டேங்க் பக்கம் ஆள் யாரும் இல்லை. அவர் ரோட்டுக்கு வந்து ஆப்பில் பர்மிட்டை ரத்து செய்தார். வால்வைப் பார்க்கச் சொல்ல ஜெட்டிக்கு ஓடினார். இத்தனை நாளும் அப்படித்தான் நடந்தது. சிவப்பு போட்டால் அது தாஸ் அண்ணனுக்குப் போய்விடும்.

என் மேஜைக் கம்ப்யூட்டரில் ஏழாம் டேங்க் சிவப்பானதைப் பார்த்தேன். பக்கத்தில் 'பார்த்தார்' என்று ஒரு டிக் விழ வேண்டும். விழவில்லை. தாஸ் அண்ணனுக்கு ஃபோன் அடித்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது.

கேன்டீனில் இருந்தால் சிக்னல் இருக்குமே. அப்படியென்றால் சிவப்பு போவதற்கு முன்பே, வேறு வழியாக டேங்க் பக்கம் போய்விட்டார்கள். போனால் என்ன, வெள்ளைத் திரைதானே வரும், ரோட்டுக்குத்தானே வருவார்கள் என்று நினைத்தேன். நினைத்து முடிப்பதற்குள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன். இப்போது வெள்ளைத் திரை வராது. காலையில் வாங்கிய பச்சைதான் அங்கே நிற்கும்.

வாக்கி டாக்கியில் கன்ட்ரோல் ரூமைக் கூப்பிட்டு, "ஏழாம் டேங்க், ஆளை வெளிய எடுங்க, ஆக்ஸிஜன் சிலிண்டர் அனுப்புங்க" என்று கத்திக்கொண்டே ஓடினேன்.

3. மேன்ஹோல்

நான் போனபோது தாஸ் அண்ணன், டேங்குக்குள் ஆள் நுழையும் மேன்ஹோல் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கையில் கயிறு. கயிற்றின் மறுமுனை டேங்குக்குள் போயிருந்தது. ஒரு ஆள் அப்போதுதான் புளோயருக்கு ஒயர் மாட்டிக்கொண்டிருந்தான்.

"உள்ள யாருண்ணா?"

"வேலும்மா. இப்பதான் போனான். இன்னாச்சி?"

"வெளிய கூப்பிடுங்க! பர்மிட் கேன்சல்!"

"கேன்சலா? பச்சையாதான கீது!" ஃபோனை நீட்டிக் காட்டினார். பச்சையாகத்தான் இருந்தது. நான் செய்த பச்சை, எனக்கே அடையாளம் தெரிந்த பச்சை.

"டேய் வேலு!" என்று தாஸ் அண்ணன் மேன்ஹோலில் குரல் கொடுத்தார். உள்ளே குரல் மோதித் திரும்பியது. பதில் இல்லை. "வேலு! டேய்!" அப்போதும் இல்லை.

அவர் கயிற்றை இழுக்க ஆரம்பிப்பதற்குள் ஒருவன் என்னைத் தள்ளிக்கொண்டு மேன்ஹோலுக்குள் தலையை நுழைத்தான். முத்து. வேலு அவனுடைய தங்கச்சி புருஷன்.

டேங்க் விபத்துகளில் முதலில் போகிறவனைவிட, அவனைக் காப்பாற்றப் போகிறவர்கள்தான் அதிகம் சாகிறார்கள். இதை வகுப்பில் பல தடவை சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அன்றுதான் கண்ணால் பார்த்தேன். முத்துவின் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துத் தொங்கினேன்.

"வுடுக்கா! மச்சான் உள்ள கீறான்!"

"நீ போனா நீயும் விழுவ! உள்ள காத்து இல்ல முத்து! கயித்தப் புடி, எல்லாரும் கயித்தப் புடிங்க!"

"வுடுன்றேன்ல!" என் கையை உதறினான். தாஸ் அண்ணன் அவனை ஒரு அறை அறைந்தார். "தங்கச்சிக்கு ரெண்டு பொணத்தயா எத்துகினு போவ? கயித்த இழுடா!"

முத்து அழுதுகொண்டே கயிற்றைப் பிடித்தான். எல்லோரும் இழுத்தோம். முதலில் வந்தது, பிறகு நின்றுவிட்டது. கயிறு கட்டியிருந்த அவன் இடுப்பு பெல்ட், உள்ளே குழாயைத் தாங்கும் ஏதோ இரும்புக் காலில் மாட்டியிருக்க வேண்டும். தாஸ் அண்ணன் கயிற்றைக் கொஞ்சம் தளர்த்தி, பக்கவாட்டில் ஆட்டி, மறுபடி இழுக்கச் சொன்னார். வந்தது. முதலில் ஹெல்மெட், பிறகு தோள். அந்தச் சின்ன வட்டத்தின் வழியாக அவனை வெளியே உருவி எடுத்து மண்ணில் போட்டோம்.

உதடு நீலமாக இருந்தது. மூச்சு இருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன். என் சொந்த மூச்சின் சத்தம்தான் எனக்குக் கேட்டது. சிலிண்டர் வந்தது. மாஸ்க்கை வைத்து அழுத்தினோம். மாஸ்க்குக்குள் லேசாகப் புகைபோல் ஆவி படிந்தது. அதைப் பார்த்த பிறகுதான் முத்து உட்கார்ந்தான்.

4. மேனேஜர் அறை

வேலுவை ஆம்புலன்ஸில் ஏற்றித் திருவொற்றியூர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். தாஸ் அண்ணனும் முத்துவும் கூடப் போனார்கள். நான் ஆபீசுக்கு ஓடினேன்.

காட்டுப்பள்ளிப் பக்கம் எங்களுக்கு இன்னொரு டெர்மினல் உண்டு. அங்கேயும் இதே ஆப்தான். அங்கேயும் அன்று டேங்கில் ஆட்கள். ஆப்பை மொத்தமாக நிறுத்தும் உரிமை என்னிடம் இருந்தது. நிறுத்தினேன். ஆனால் நிறுத்திய செய்தியும் சிக்னல் இருந்தால்தானே போய்ச் சேரும்? டேங்குக்குப் பின்னால் இருக்கும் ஃபோன்களில் பச்சை அப்படியே இருக்கும். அந்த கேட்டுக்கு ஃபோன் செய்து, "ஃபோன்ல சொல்லாதீங்க. ஆள நேர்ல அனுப்பி, எல்லாரையும் வெளிய வரச்சொல்லுங்க" என்றேன். எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள் என்ற பதில் வரும் வரை ரிசீவரைக் கீழே வைக்கவில்லை.

வைத்த உடனே மேனேஜர் ரங்கநாதன் சார் கூப்பிட்டார்.

"யாரைக் கேட்டும்மா நிறுத்தினீங்க? ரெண்டு டெர்மினலும் நிக்குது. ஜெட்டில கப்பல் நிக்குது."

"கேட்டுட்டு இருக்க நேரம் இல்ல சார்."

"நெட்வொர்க் ப்ராப்ளம்னு எழுதிட்டு, சாயந்தரம் ஆன் பண்ணிடலாம். ஹெட் ஆபீஸ்ல இந்த ஆப்பைத்தான் எல்லா இடத்துலயும் போடப் போறோம்னு சொல்லி வச்சிருக்கேன்."

"அங்க நெட்வொர்க் என்னைக்குமே இல்ல சார். இத்தனை நாள் யாருக்கும் ஒண்ணும் ஆகலயே? சிக்னல் இல்லன்னா ஆப் நின்னுடும், ஆள் உள்ள போகமாட்டான். இப்ப நிக்கல. பழைய பச்சையைக் காட்டுது. தெரிஞ்சே நான் இதை ஆன் பண்ண மாட்டேன். நீங்க வேணா என் பேரை எடுத்துட்டு வேற யாரையாவது போட்டுப் பண்ணிக்கோங்க."

அவருடன் பல வருஷம் வேலை செய்தவள். அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் முகம் சிவந்தது. என் வேலை போனாலும் போகும் என்றுதான் நினைத்தேன்.

அதற்குள் அவர் ஃபோன் அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து தாஸ் அண்ணன். ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், வேலு கண்ணு முய்ச்சிகினான் சார். பேசறான். தல கிர்ருன்னு கீதுன்றான்." பின்னால் ஒரு பெண் அழும் சத்தம் கேட்டது. வேலுவின் மனைவியாக இருக்க வேண்டும்.

சார் ஃபோனை வைத்தார். என்னிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "பழைய பேப்பர் பர்மிட் இருக்காம்மா?" என்றார். "பிரின்ட் எடுங்க. கப்பல்காரன்கிட்ட நான் பேசிக்கிறேன்."

5. அதன் பிறகு

லோ-கோட் கம்பெனிக்கு எழுதினேன். மரியாதையாகப் பதில் வந்தது. வசதி சொன்னபடிதான் வேலை செய்கிறதாம். எந்தத் திரையில் பழைய தகவலைக் காட்டலாம், எதில் கூடாது என்று தனித்தனியாக செட்டிங் இருக்கிறதாம். இருந்தது. பர்மிட் திரையில் அதை அணைத்தேன். பம்ப் பராமரிப்பு, தீயணைப்புச் சாமான் சோதனை போன்றவற்றில் ஆஃப்லைன் இன்றும் ஓடுகிறது, உபயோகமாகவும் இருக்கிறது. அந்த வசதிமேல் எனக்குக் கோபம் இல்லை. உள்ளே போகும் ஆட்களுக்குத் தனித்தனியாக மீட்டரும் வாங்கிக் கொடுத்தார் சார்.

அப்டேட் குறிப்பில் புதிதாக என்ன வரும் என்று எழுதியிருக்கும். அதனால் எது போகும் என்று எழுதியிருக்காது. அதை நாம்தான் தேடிப் பார்க்க வேண்டும். நாங்கள் திட்டிக்கொண்டிருந்த வெள்ளைத் திரைதான் ஆட்களை வெளியே நிறுத்தி வைத்திருந்தது. இப்போது எந்த அப்டேட் வந்தாலும், ஒரு ஃபோனை ஏழாம் டேங்குக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்து, இங்கிருந்து ரத்து செய்து பார்த்த பிறகுதான் ஆட்கள் கைக்குக் கொடுக்கிறேன்.

வேலு உடம்பு தேறி வேலைக்குத் திரும்பினான். முதல் நாள் டேங்க் முன்னால் எல்லாம் தயார். பேப்பரும் இருந்தது, ஆப்பிலும் பச்சை வந்துவிட்டது. அவன் மட்டும் நகரவில்லை.

"இன்னாடா?" என்றார் தாஸ் அண்ணன்.

"பாய வரச்சொல்லு நைனா. அவர் வாயால சொன்னாத்தான் போவேன்."

யாரும் சிரிக்கவில்லை. மீரான் பாய் லேபிலிருந்து நடந்து வந்து, மேன்ஹோலில் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, வேலுவின் முகத்துக்கு நேராகச் சொன்னார்: "காத்து நல்லா இருக்குப்பா. நான் இங்கயேதான் நிக்கிறேன்."

அன்றிலிருந்து அது எங்கள் டெர்மினலில் சட்டம். பர்மிட் கொடுப்பதானாலும் ரத்து செய்வதானாலும், உள்ளே போகிற ஆளிடம் நேரில் வந்து வாயால் சொல்ல வேண்டும். அதற்கு மட்டும் நான் ஆப்பில் பட்டன் வைக்கவில்லை.