அல்மாஸுக்குப் பூசிய பவுடர்

மொன்றியலுக்கு வந்த முதல் பனி மாரியில் எனக்கு இருந்தது ஒரேயொரு சிநேகிதி. அந்த ஒருத்தியையும் நானே தொலைத்தேன், அதுவும் நல்லது செய்யப் போய்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. செயின்ட்-மிஷேலில் இரண்டாம் மாடியில் குடியிருந்தோம். அப்பா உணவகமொன்றில் கோப்பை கழுவினார், அம்மா தையல் தொழிற்சாலைக்குப் போனார். வீட்டில் என் வயதில் கதைக்க ஆளில்லை. பிரெஞ்சு தெரியாத பிள்ளைகளுக்கென்று பள்ளியில் ஒரு தனி வகுப்பு இருந்தது. அங்கேதான் அல்மாஸ் என் பக்கத்துக் கதிரைக்கு வந்து சேர்ந்தாள். எத்தியோப்பியாவிலிருந்து வந்தவள். எங்கள் இருவருக்கும் சேர்த்து நாற்பது பிரெஞ்சுச் சொற்கள் இருந்திருக்கும். சிநேகிதத்துக்கு அது தாராளம். கணக்கில் அவள் புலி. நான் அவள் கொப்பியைப் பார்த்துத்தான் எழுதுவேன். ஒருநாள் தன் மொழியின் எழுத்துகளை வரிசையாக எழுதிக் காட்டினாள். நம்முடைய க, கா, கி, கீ போலவே ஒவ்வோர் எழுத்தும் கொஞ்சம் கொஞ்சமாக உருமாறிக்கொண்டு போனது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அன்று மாலை அதை வீட்டில் சொன்னேன். எங்களோடு தங்கியிருந்த சித்தப்பா தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அந்த நாட்களில் அதில் எந்நேரமும் எத்தியோப்பியப் பஞ்சம்தான்.

“உதுகளுக்கு எங்கத்தை எழுத்து? மூளை எண்டு ஒண்டு இருந்தா ஏன் உப்பிடிப் பட்டினி கிடக்குதுகள்?” என்றார்.

ஊர்க் கலவரத்தில் எரிந்துபோன எங்கள் தமிழ்க் கடைகளை அதே தொலைக்காட்சி காட்டியபோது, அது எங்கள் மூளையைப் பற்றிய செய்தி என்று சித்தப்பாவுக்குப் படவில்லை. “பிள்ளைக்கு முன்னாலை உதுகளைக் கதையாதை” என்றார் அப்பா. ஆனால் சித்தப்பா சொன்னது பொய் என்று அவரும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் பள்ளி நடைக்கூடத்தில் பஞ்ச நிவாரணத்துக்குக் காசு போட ஒரு தகரப் பேணி வைத்து, அதற்கு மேலே எலும்பும் தோலுமான ஒரு குழந்தையின் படத்தை ஒட்டினார்கள். மேல்வகுப்புப் பையன் ஒருவன் அல்மாஸின் கையைப் பிடித்து இழுத்து அந்தப் படத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினான். கறுப்பருக்குப் பிறப்பிலேயே மூளை சிறியது, அதனால்தான் அவர்களுக்கு உழவும் தெரியாது, ஆளவும் தெரியாது என்று தன் தகப்பன் சொன்னதாகச் சொன்னான். எனக்குப் பிரெஞ்சு அரைகுறைதான். என்றாலும் சித்தப்பாவின் கதையைத்தான் இவனும் சொல்கிறான் என்பது நன்றாகவே விளங்கியது.

அல்மாஸ் அழவில்லை. தன் ஊரில் மழை இல்லை, சண்டை இருக்கிறது என்று சொல் தேடித் தேடிச் சொன்னாள். பிறகு யன்னலுக்கு வெளியே கையைக் காட்டி, “இங்கே இவ்வளவு பனி கொட்டுகிறதே, அது உன் மூளையாலா?” என்று கேட்டாள். நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். முகம் சிவந்துபோன பையன் என் பக்கம் திரும்பினான். நீயும் அந்த நாடுதானா என்று கேட்டான்.

“இல்லை” என்றேன். சொல்லிவிட்டு ஓர் எட்டுப் பின்னாலும் வைத்தேன். அந்த ஓர் எட்டை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்வருவார்கள். அன்று அல்மாஸைக் கெஞ்சிக் கூத்தாடி எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். அவளுக்கு ஏதாவது செய்யாவிட்டால் என் நெஞ்சு ஆறாது போலிருந்தது. எங்கள் வீட்டில் பவுடர் பூசாமல் ஒருவரும் படியிறங்குவதில்லை. காலையில் அம்மா என் நாடியைப் பிடித்து நிமிர்த்தி, “வெளிக்கிடேக்கை முகம் வெள்ளையா இருக்கவேணும் பிள்ளை” என்று சொல்லிக்கொண்டு கழுத்துவரை அப்பிவிடுவார். அந்தப் பையன் என்னைச் சும்மா விட்டதற்கு அந்தப் பவுடர்தான் காரணம் என்று நான் மனதார நம்பினேன்.

அல்மாஸைக் கட்டிலில் இருத்தி, அம்மாவின் பவுடர் பேணியை எடுத்தேன். ஏதோ விளையாட்டு என்று நினைத்துக் கண்ணை மூடிச் சிரித்தாள். கன்னம், நெற்றி, மூக்கு என்று ஓரிடம் விடாமல் பூசினேன். பூசி முடித்துக் கண்ணாடியைக் கையில் கொடுத்தேன். அவள் நெடுநேரம் பார்த்தாள். இது எதற்கு என்று கேட்டாள்.

“இனி ஒருவரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்” என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் பெருமையாகச் சொன்னேன்.

அவள் எழுந்துபோய்ச் சவர்க்காரம் போட்டு முகத்தைக் கழுவினாள். நான் நீட்டிய துவாயை வாங்கவில்லை. சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு, குளிர்க்கோட்டைப் போட்டுக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். பின்னேரம் வகுப்பில் அவள் வேறு வரிசையில் இருந்தாள்.

இரவு முழுவதும் எங்கே பிழை விட்டேன் என்று யோசித்துக் கடைசியில் கண்டுபிடித்தேன். மறுநாள் பள்ளி வாசலில் கால் விறைக்க நின்று, பாடமாக்கி வைத்திருந்த பிரெஞ்சில் அவளிடம் சொன்னேன்: “மன்னித்துக்கொள், நேற்றுப் பவுடர் கூடிப்போய்விட்டது. அடுத்தமுறை அளவாகப் பூசுகிறேன்.”

முன்பின் தெரியாத ஒருவருக்குத் தலையாட்டுவதுபோல எனக்குத் தலையாட்டிவிட்டு அல்மாஸ் உள்ளே போனாள். மன்னித்துவிட்டாள் என்றுதான் நான் நினைத்தேன். பனி கரையும்வரை என் பக்கத்துக் கதிரையில் புத்தகப்பையை வைத்து, வேறு ஒருவரையும் இருக்கவிடாமல், அவளுக்கு இடம் பிடித்துக்கொண்டிருந்தேன்.