பயிற்சியாளருக்கு மேலே ஒரு கையெழுத்து

வீரகேரளம்புதூர் தாலுகா ஆபீஸில் பட்டா மாறுதல் கோப்புகளைப் பார்க்கிறவள் பொன்செல்வி. வார நாளெல்லாம் அவளுக்கு மனுக்களோடு போகும். ஞாயிற்றுக்கிழமை என்றால் மைதானம்தான். தென்காசியிலிருந்து இலஞ்சிக்குப் போகிற ரோட்டில், தோப்புக்குப் பின்னால் சாரல் கால்பந்துக் கழகம் ஆடிய எந்த ஆட்டத்தையும் அவள் பதினாறு வருசமாகத் தவற விட்டதில்லை. வெள்ளைக் கோட்டுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, நடுவரிடம் கொடுக்க வேண்டிய டீம் லிஸ்ட்டை எழுதுவாள். பெயர்களைச் சொல்லுகிறவர் அவளுடைய அண்ணன் குற்றாலிங்கம்.

குற்றாலிங்கம் இருபத்திரண்டு வருசம் பட்டாளத்தில் இருந்தவர். அங்கேயும் ரெஜிமெண்ட் அணியில் பின்வரிசையில் நின்று ஆடியவர். ஊருக்குத் திரும்பியதும் மற்றவர்கள் மாதிரி செக்யூரிட்டி வேலைக்குப் போகவில்லை. நாலு கம்பை நட்டு வலையைக் கட்டி, பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற பையன்களைக் கூப்பிட்டு அணியை உண்டாக்கினார். பயிற்சி கொடுப்பது அவர், ஆளெடுப்பது அவர், வேன் பேசுவது அவர், கால் முறிந்தவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதும் அவர். புளியங்குடியில் எலுமிச்சை மண்டி வைத்திருக்கிற முத்துராஜ் அண்ணாச்சி பெயருக்குத் தலைவராக இருந்தார். வருசத்துக்கு ரெண்டு தடவை வந்து மாலை வாங்கிக்கொண்டு போவார். மற்றபடி குற்றாலிங்கத்தை ஏன், எதற்கு என்று கேட்க ஆள் கிடையாது. கேட்க வேண்டிய தேவையும் யாருக்கும் வந்ததில்லை.

பொன்செல்விக்கு மட்டும் வந்தது. புனலூரில் ஒரு போட்டி. வழக்கம்போல அண்ணன் ஒவ்வொரு பெயராகச் சொல்ல, இவள் எழுதிக்கொண்டிருந்தாள். ஏழாவது பெயராக அவர் இசக்கிமணி என்றார். இசக்கிமணி ஆட்டத்தை விட்டுப் போலீஸ் வேலைக்குப் போய் ஆறு வருசம் ஆகியிருந்தது. கேலி பண்ணுகிறார் என்று நினைத்து நிமிர்ந்து பார்த்தாள். அவர் முகத்தில் கேலி இல்லை. அவள் பேனா நகரட்டும் என்று காத்துக்கொண்டு நின்றார்.

"எழுதுட்டி, நேரமாச்சுல்லா" என்றார்.

எழுதினாள். அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் அதை அடித்துவிட்டு, எதிரே பூட்ஸ் கட்டிக்கொண்டிருந்தவனின் பெயரை எழுதிக் கொடுத்தாள். அன்றைக்கு அணி ஜெயித்தது. வரும் வழியில் பையன்கள் பாடிக்கொண்டு வந்தார்கள். அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு சின்னச் சின்னதாக நிறைய நடந்தது. ஒரு தடவை கேரளாவுக்கு ஆடப் போகும்போது புளியறையில் டீ குடிக்க வேன் நின்றது. குடித்து முடித்ததும் டிரைவரிடம், ஆட்டம்தான் முடிந்துவிட்டதே, வண்டியை ஏன் இந்தப் பக்கம் விடுகிறாய் என்று குற்றாலிங்கம் சத்தம் போட்டார். பையன்கள் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள். சிரித்தால் அது வேடிக்கையாகவே போய்விடும் என்று அவளுக்கு ஒரு கணக்கு. டாக்டரைப் பார்க்கலாமா என்று ரெண்டு தடவை ஜாடையாகக் கேட்டதற்கு, எனக்கு என்ன கேடு என்று அண்ணன் மைதானத்தைச் சுற்றி நாலு ரவுண்டு ஓடிக் காட்டினார். உடம்பு அப்படித்தான் இருந்தது, இரும்பு மாதிரி. யாரிடமும் அவள் சொல்லவில்லை. கோச்சுக்கு மறதி என்று ஒருத்தர் காதில் விழுந்தால் போதும், மறுநாள் அவரைப் பார்த்து ஊரே பரிதாபப்படும். அவர் பரிதாபத்துக்கு ஆளாகிறவர் இல்லை என்றே அவள் அவரைப் பிறந்ததிலிருந்து பார்த்து வந்திருக்கிறாள்.

ரெண்டு வருசம் இப்படி அடித்து எழுதியே ஓட்டினாள். அப்போதுதான் சாரல் அணிக்கு மாநில லீக்கில் ஆட இடம் கிடைத்தது. லீக்கில் ஆடுவதென்றால் முன்போல முடியாது. ஒரு ஆபீஸ் வேண்டும், பதிவுகளைப் பார்க்கச் சம்பளத்துக்கு ஒரு மேனேஜர் வேண்டும். ஆரியங்காவுக்காரரான பென்னி என்பவரை முத்துராஜ் அண்ணாச்சி பேசி வைத்தார். கொல்லத்தில் ஒரு அணியின் ஆபீஸை நடத்திய அனுபவம் உள்ளவர். ஆள் முடிவாகிவிட்டது. அவர் யாருக்குக் கீழே, யாருக்கு மேலே என்பதுதான் முடிவாகவில்லை.

'சாரல் ரசிகர்கள்' என்று வாட்ஸ்அப்பில் ஒரு குழு உண்டு. முந்நூற்று நாற்பது பேர். அதை நடத்துகிறவன் அருண்பாண்டி, புளியறையில் லாரி புக்கிங் ஆபீஸில் வேலை. பத்து நாள் அந்தக் குழுவில் வேறு பேச்சு இல்லை. வருகிறவர் வண்டி, சாப்பாடு, ஜெர்சியைப் பார்த்துக்கொண்டு கோச்சுக்குத்தான் ரிப்போர்ட் பண்ண வேண்டும் என்பது அருண்பாண்டியின் கட்சி. குற்றாலத்தில் தையல்கடை வைத்து அணிக்கு ஜெர்சி தைத்துக் கொடுக்கிற மெஹர் பானு, ரெண்டு பேரும் தனித்தனியாகத் தலைவரிடமே பேசிக்கொள்ளட்டும் என்றாள். அண்ணாச்சி எலுமிச்சம்பழத்தைப் பார்ப்பாரா, இவர்கள் ரெண்டு பேர் பஞ்சாயத்தைப் பார்ப்பாரா என்று ஒருவர் கேட்டார். வெளிநாட்டு அணிகளில் எல்லாம் எப்படி என்று ஒருவர் அரை மணி நேரம் குரல் பதிவு போட்டார். இன்னொருவர் தாளில் கட்டம் கட்டி அம்புக்குறி போட்டுப் படம் அனுப்ப, மற்றவர்கள் சிவப்பு மையில் அம்புகளைத் திருப்பித் திருப்பிப் போட்டார்கள். கோச் என்ற கட்டம் எல்லாப் படத்திலும் உச்சியில் இருந்தது. இல்லாவிட்டால் தலைவருக்குப் பக்கத்தில் இருந்தது. அவருக்கு மேலே இன்னொருத்தர் கையெழுத்துப் போடுவதாக ஒருவர்கூட வரையவில்லை.

பொன்செல்வி பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் அத்தனையையும் படித்தாள். லீக்கில் டீம் லிஸ்ட்டை மைதானத்தில் உட்கார்ந்து அடித்து எழுத முடியாது. முந்தைய நாளே அனுப்ப வேண்டும். தப்பான பெயர் போனால் ஆட்டமே போகும். அதைவிட, எல்லார் முன்னாலும் அவர் மாட்டிக்கொள்வார்.

ரசிகர்களைக் கேட்டுத்தான் முடிவு என்று முத்துராஜ் அண்ணாச்சி இலஞ்சியில் ஒரு சமுதாயக் கூடத்தில் கூட்டம் வைத்தார். ஜூன் மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலை. வெளியே தூறல். குற்றாலத்துக்குக் குளிக்கப் போகிற வண்டிகள் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றதால் பாதிப்பேர் நனைந்துகொண்டு நடந்து வந்தார்கள். குற்றாலிங்கம் முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். பேசியவர்கள் எல்லாம் அவரைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் பேசினார்கள். கடைசியில் பொன்செல்வி எழுந்தாள். தங்கச்சி பேசப் போகிறாள் என்றதும் கைதட்டினார்கள்.

அவள் தன் ஆபீஸைத்தான் உதாரணம் சொன்னாள். கிராம நிர்வாக அலுவலர் எழுதுகிறார், வருவாய் ஆய்வாளர் பார்க்கிறார், அதற்கு மேல் தாசில்தார் கையெழுத்துப் போடுகிறார். அதனால் எழுதினவரை நம்பவில்லை என்று ஆகிவிடாது. மனுசன் என்றால் கண் தவறும். அதனால் கோச் ஆளைத் தேர்ந்தெடுக்கட்டும், பென்னி சரிபார்த்துக் கையெழுத்துப் போடட்டும், கோச் அவருக்குத்தான் ரிப்போர்ட் பண்ண வேண்டும் என்றாள்.

அருண்பாண்டி எழுந்து, அணியை உண்டாக்கினவருக்கு மேலே நேற்று வந்தவரா, பதினாறு வருசத்தில் கோச் எதில் கண் தவறினார், ஒன்றே ஒன்று சொல்லுங்கள் அக்கா என்றான்.

ஒன்றல்ல, இருபது சொல்லலாம். ஆனால் பொதுவாகத்தான் சொன்னேன் என்று உட்கார்ந்தாள்.

குற்றாலிங்கம் எழுந்து நின்றார். கோபம் இல்லை; அவர் ஆட்டக்காரர்களைத் திட்டும்போது வருகிற சத்தமும் இல்லை.

"நான் யாருக்குப் பதில் சொல்லணும்னு என் தங்கச்சியே சொல்லுதா. சரி. அப்படியே இருக்கட்டும்."

சொல்லிவிட்டுத் தூறலில் இறங்கிப் போய்விட்டார். உடன்பிறந்தவளே சொல்லுகிறாள் என்றால் விசயம் இருக்கும் என்று முத்துராஜ் அண்ணாச்சிக்குத் தோன்றியிருக்க வேண்டும். அவள் சொன்னபடியே எழுதி வைத்தார்.

பென்னி நல்ல மனிதர். வந்த மூன்றாவது வாரமே அவளைத் தேடி வீரகேரளம்புதூருக்கு வந்தார். ஆபீஸ் வாசலில் வேப்பமரத்தடியில் நின்று மெதுவாகக் கேட்டார்.

"சேச்சி, ஆசானுக்கு சுகமில்லையா? நேற்று என்னைப் பார்த்து, நீ யாரு, எந்த டீமுன்னு கேட்டார்."

முதல் முறையாக ஒருவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஆசானே சொன்ன மாதிரி காட்டி லிஸ்ட்டைத் திருத்தி அனுப்பினார். அந்த சீசனில் சாரல் அணி நாலாவது இடத்துக்கு வந்தது. ஆனால் குற்றாலிங்கம் பாதியிலேயே மைதானத்துக்கு வருவதை நிறுத்தியிருந்தார். மேலகரத்தில் தன் வீட்டில் நாள் முழுக்க வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். தங்கச்சி போனால் எழுந்து உள்ளே போய்விடுவார்.

மதினி காளீஸ்வரி கதவில் கையை வைத்துக்கொண்டு நிற்பாள். நல்லாத்தான் இருந்த மனுசனை நாலு பேர் முன்னால் உட்காரவைத்து இறக்கிவிட்டாய், அன்றைக்கு விட்டுப்போன மனசு இன்னும் திரும்பவில்லை என்பாள். குழுவிலும் அதையேதான் எழுதினார்கள். கூட்டத்துக்குப் பிறகுதான் கோச் இப்படி ஆனார் என்பது ஊருக்கெல்லாம் தெரிந்த விசயமாகிவிட்டது. பொன்செல்வி குழுவிலிருந்து விலகவில்லை, பதிலும் எழுதவில்லை. சில நாள் பஸ்ஸில் வரும்போது அவளுக்கே சந்தேகம் வரும். தான் எழுந்து பேசாமல் இருந்திருந்தால் இன்னும் ரெண்டு வருசம் அவர் விசிலை ஊதிக்கொண்டு நின்றிருப்பாரோ என்று.

மறு வருசம் ஒருநாள் குற்றாலிங்கம் குளிக்கப் போனவர் வீட்டுக்கு வழி தெரியாமல் ரயில்வே கேட் பக்கம் நின்றார். அப்புறம்தான் டாக்டரிடம் காட்டக் காளீஸ்வரி சம்மதித்தாள். மூன்று பேருமாகத் திருநெல்வேலிக்குப் போனார்கள். இது எப்போது தொடங்கியது என்று டாக்டர் கேட்டார்.

"போன ஜூன் மாசம் டாக்டர். ஒரு கூட்டத்துல வச்சு மனசு ஒடஞ்சு போச்சு. அன்னைலருந்துதான்" என்றாள் காளீஸ்வரி.

டாக்டர் எழுதப் போனார். தப்பான தேதி காகிதத்தில் ஏறப் போகிறது. பொன்செல்வியால் சும்மா இருக்க முடியவில்லை.

"இல்ல டாக்டர். அதுக்கு ரெண்டு வருசம் முன்னாலயே" என்றாள்.

புனலூரையும் புளியறையையும் மற்றதையும் ஒன்று விடாமல் சொன்னாள். டாக்டர் எழுதிக்கொண்டார். அப்போதே கூட்டி வந்திருந்தால் நோயைக் குணமாக்க முடியாவிட்டாலும் கொஞ்சம் மட்டுப்படுத்தியிருக்கலாம் என்றார். குறை சொல்லுகிற குரலில் சொல்லவில்லை. குற்றாலிங்கம் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மருந்துக்கு வெளியே பெஞ்சில் காத்திருக்கும்போது காளீஸ்வரி கேட்டாள்.

"ரெண்டு வருசமா ஒனக்குத் தெரிஞ்சிருக்கு. அத்தனை பேரு முன்னால எந்திரிச்சுப் பேசத் தெரிஞ்சுது. அவரு கூடப் படுத்து எந்திரிக்கிறவ நான். எங்கிட்ட வந்து ஒரு வார்த்தை சொல்லத் தோணலையே செல்வி ஒனக்கு."

அண்ணன் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று பத்து நாள் யோசித்த பொன்செல்வி, தான் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதை ஒரு நாளும் யோசிக்கவில்லை. அவர் மானம் போகக்கூடாது என்றுதான் பார்த்தாள். உப்பை ரெண்டு தடவை போட்டு, அடுப்பை அணைக்காமல் போகிற மனுசனைத் தனியாக வைத்துக்கொண்டு, இது என்ன கோலம் என்று தெரியாமல் ஒருத்தி தவித்திருப்பாள் என்பது அவள் நினைப்பிலேயே வரவில்லை. பஸ்ஸில் மூன்று பேரும் ஒரே சீட்டில் உட்கார்ந்து வந்தார்கள்.

விசயம் மெல்ல ஊருக்குத் தெரிந்தது. அக்கா, அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்று அருண்பாண்டி தனியாக ஒரு செய்தி அனுப்பினான். அவள் படித்துவிட்டு வைத்துவிட்டாள். இந்த வருசம் பென்னியைப் பெரிய அணி ஒன்று கூப்பிட்டுவிட்டது. அவர் இடத்துக்கு வருகிறவர் யாருக்கு ரிப்போர்ட் பண்ணுவது என்று குழுவில் மறுபடியும் கட்டம் வரைகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் மைதானத்துக்குப் போவதில்லை. மேலகரத்துக்குப் போகிறாள். முதலில் ஐந்தாறு மாதம் காளீஸ்வரி வாசலோடு அனுப்பிவிட்டாள். பிறகு ஒருநாள், சந்தைக்குப் போக வேண்டும், ரெண்டு மணி நேரம் பார்த்துக்கொள்கிறாயா என்று கேட்டாள். அதிலிருந்து வாராவாரம் அப்படித்தான்.

குற்றாலிங்கம் இப்போது அவளைக் கண்டு எழுந்து போவதில்லை. அவள் யார் என்று தெரியாததால் போவதில்லை. போன வாரம் இட்லியைப் பிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தபோது, நீ என்ன வேலை பார்க்கிறாய் தாயி என்று மரியாதையாகக் கேட்டார். தாலுகா ஆபீஸில் என்றாள்.

"எனக்கும் ஒரு தங்கச்சி உண்டு" என்றார். "கூட்டத்துல எந்திரிச்சு என்னைப் பேசிட்டா."

"என்ன பேசினா?"

"அது நெனவில்ல. ஆனா பேசுனா."

"தப்புத்தான் அண்ணே" என்றாள்.

அவர் அவளைக் கூர்ந்து பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நான் சொன்னேன்னு அவகிட்ட சொல்லிராத. வருத்தப்படுவா" என்றார்.

சொல்லமாட்டேன் என்றாள். காளீஸ்வரி பையோடு வாசலில் ஏறி வந்து, சாப்பிட்டாரா என்று கேட்டாள். மூணு இட்லி சாப்பிட்டார் மதினி என்று சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவ எழுந்து போனாள்.